பத்துத் தொகுதியில் பத்துப் பேர்

2022 நவம்பர் 5, சனிக்கிழமை. மலேசியப் பொதுத்தேர்தலுக்கு வேட்புமனுத் தாக்கல் நாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். மகன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வந்தான். "மா, பத்துல பத்துப் பேரு!"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பத்து என்றால் எங்கள் நாடாளுமன்றத் தொகுதி. கோலாலம்பூரின் செந்தூல்காரர்களான நாங்கள் ஓட்டுப் போடுவது அங்கேதான். அந்தப் பத்தில் பத்து வேட்பாளர்கள். தமிழில் சொன்னால் நகைச்சுவை, மலாயில் சொன்னால் வெறும் செய்தி. பக்காத்தான், பெரிக்காத்தான், பாரிசான் என்ற மூன்று பெரிய கூட்டணிகளும் போக மீதியெல்லாம் சிறு கட்சிகளும் சுயேச்சைகளும். முன்பு இரண்டு தவணை எங்கள் எம்.பி.யாக இருந்த தியான் சுவாவே தன் கட்சியை எதிர்த்துச் சுயேச்சையாக நின்றார்.

மகனுக்கு அப்போது 19 வயது. பதினெட்டு வயதில் ஓட்டு, தானாகவே பதிவு என்று சட்டம் மாறிய பிறகு வந்த முதல் பொதுத்தேர்தல். நான் அவன் வயதில் தபால் நிலையத்தில் பாரம் நிரப்பிப் பதிவு செய்ய இரண்டு வருடம் காத்திருந்தவள். இவனுக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே ஓட்டு வந்துவிட்டது. பத்துப் பேரில் ஒரு சுயேச்சையை அவனுக்குப் பிடித்திருந்தது. யார் என்று இங்கே எழுத வேண்டாம், அவன் கோபித்துக்கொள்வான்.

"அவருக்குத்தான் போடப் போறேன்."

"போட்டு? ஜெயிக்க மாட்டாரு. ஓட்டு வீணாப் போயிரும்."

சொன்ன வேகத்தில் கையில் இருந்த நெத்திலி தட்டில் விழுந்தது. ஏனென்றால் இதே வாக்கியத்தை, இதே குரலில், நான்கு வருடத்துக்கு முன் என் அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

அம்மாவின் ஓட்டு பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறது. என்னோடு செந்தூலுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியும் ஐ.சி.யில் (அடையாள அட்டையில்) முகவரி மாற்ற மாட்டேன் என்று பிடிவாதம். முப்பது வருடம் ரப்பர் மரம் சீவிய ஊர். தோட்டத்தில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு விடியற்காலை எழுந்த பழக்கத்தில் இன்றைக்கும் நாலரைக்கு விழித்துவிடுவார். 2018 மே 9 புதன்கிழமை. வேலை நாளில் தேர்தல் வைத்துவிட்டு, ஊரே முணுமுணுத்த பிறகு விடுமுறை அறிவித்தார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதல் நாள் ராத்திரியே கிளம்பினோம். அண்ணன் வண்டி ஓட்டினார். நெடுஞ்சாலை தீபாவளிக்கு முந்தின ராத்திரி மாதிரி இருந்தது. தாப்பா ஓய்விடத்தில் கழிவறைக்கு வரிசை, தே ஓவுக்கு வரிசை, எல்லார் முகத்திலும் ஏதோ கல்யாணத்துக்குப் போகிற களை.

அங்கே ஒரு சிமெண்டு மேசையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்தபோதுதான் பேச்சு வந்தது. அம்மா சொன்னார்: "நான் டாக்டருக்குத்தான் போடுவேன்."

சுங்கை சிப்புட்டில் டாக்டர் என்றால் ஒருவர்தான். டாக்டர் ஜெயகுமார் தேவராஜ். 2008இல் அந்தத் தொகுதியில் அவர் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் சாமிவேலுவை 1,821 ஓட்டில் தோற்கடித்த ராத்திரி எங்கள் லயத்துப் பக்கம் யாரும் தூங்கவில்லை. 2013இலும் ஜெயித்தார். ஆனால் அந்த இரண்டு முறையும் அவர் நின்றது பி.கே.ஆர். என்ற கட்சியின் சின்னத்தில். அவருடைய சொந்தக் கட்சியான மலேசிய சோசலிசக் கட்சி 1998இல் தொடங்கி, பதிவுக்காகப் பத்து வருடம் அலைந்து, 2008இல்தான் பதிவு வாங்கியது. 2018இல் பக்காத்தானோடு தொகுதிப் பேச்சு ஒத்துவரவில்லை. டாக்டர் தன் கட்சியின் கைமுட்டிச் சின்னத்தில் தனியாக நின்றார். பக்காத்தானில் இருந்த பி.கே.ஆர். வேறொருவரை நிறுத்தியது. அன்றைய ஆளும் கூட்டணியான பாரிசானுக்கு ம.இ.கா., அதோடு பாஸ் கட்சி. நான்குமுனைப் போட்டி.

அண்ணன் புளிச்சோற்றைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, டாக்டர் நல்லவருதான். யாரு இல்லேன்னா? ஆனா இந்தத் தடவ பிரதமர் நஜிப்ப இறக்கணும். டாக்டருக்குப் போட்டா ஓட்டு பிரிஞ்சிரும். பாரிசான் உள்ள நுழைஞ்சிரும்" என்றார். நானும் சேர்ந்துகொண்டேன். "வீணாப் போயிரும்மா." அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம், "ஊறுகா எங்க?" என்று கேட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் முதல் சாலுரானில் (ஓட்டுப் போடும் அறையில்) ஓட்டுப் போட்டார். வயதுப்படிதான் சாலுரான் பிரிப்பார்கள். முதல் அறையில் எப்போதும் கைத்தடியும் தைல வாசமுமாக இருக்கும். வெளியே வந்து, மை வைத்த விரலைப் புடவையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "யாருக்குப் போட்டீங்க?" என்றார் அண்ணன். "ஓட்டு ரகசியம்னு நீதானப்பா சொன்ன" என்றார் அம்மா. அவ்வளவுதான். இந்த நாள்வரை வாய் திறந்து சொல்லவில்லை.

அன்று ராத்திரி வந்த முடிவு: பி.கே.ஆர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. டாக்டருக்கு 1,505. பத்து வருடம் எம்.பி.யாக இருந்த மனிதருக்கு வைப்புத் தொகையும் போனது.

அந்த எண்ணை நான் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். எங்களைப் போல எத்தனை வண்டிகளில், எத்தனை சிமெண்டு மேசைகளில் அன்று ராத்திரி "டாக்டர் நல்லவருதான், ஆனா" என்று பேசியிருப்பார்கள்? 1,505 என்பது டாக்டரை விரும்பியவர்களின் எண்ணிக்கை என்று நான் நம்ப மாட்டேன். அந்தப் பேச்சையும் மீறிப் போட்டவர்களின் எண்ணிக்கை அது.

கிண்டல் என்னவென்றால், எங்கள் பயம் தேவையே இல்லாதது. 1,505 ஓட்டு மொத்தமும் அப்படியே பாரிசானுக்குப் போயிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. 2022இல் பத்திலும் அதே கதை. பக்காத்தானின் பிரபாகரன் 22 ஆயிரத்துக்கும் அதிகமான பெரும்பான்மையில் ஜெயித்தார். என் மகன் தன் ஓட்டை அந்தச் சுயேச்சைக்கே போட்டுவிட்டு வந்து, அவருக்கு வைப்புத் தொகை போனதும், "பத்தாயிரம் வெள்ளிமா. நானும் ஏதோ என்னால முடிஞ்சத செஞ்சேன், பத்தல" என்று சிரித்தான். நாடாளுமன்றத் தொகுதிக்கு வைப்புத் தொகை 10,000 வெள்ளி. செல்லுபடியான ஓட்டில் எட்டில் ஒரு பங்கு வராவிட்டால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். ஒரு சாதாரண ஆள் தேர்தலில் நிற்க நினைத்தால் கார் வாங்க வைத்திருக்கும் முன்பணத்தை மேசையில் வைத்துவிட்டு வர வேண்டும்.

பயம் எல்லா இடத்திலும் வெற்றுப் பயம் என்றும் சொல்ல மாட்டேன். 2023 ஆகஸ்டு சிலாங்கூர் சட்டமன்றத் தேர்தலில் சுங்கை கண்டிஸ் தொகுதியில் பெரிக்காத்தான் ஜெயித்தது 167 ஓட்டில். பக்காத்தான் இரண்டாவது. தனியாக நின்ற மூடா கட்சிக்கு விழுந்தது அந்த 167ஐப் போலப் பல மடங்கு. மறுநாள் காலை மூடாவுக்கு விழுந்த வசவு இருக்கிறதே! அந்த வருடம் மூடா நின்ற 19 இடங்களிலும் வைப்புத் தொகை போனது. வசவு மட்டும் மிச்சம்.

அமெரிக்காவில் 2000இல் நடந்ததும் இதன் பெரிய வடிவம்தான். புளோரிடாவில் புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் வித்தியாசம் 537 ஓட்டு. பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடருக்கு அதே மாநிலத்தில் 97 ஆயிரத்துக்கு மேல். இருபத்தைந்து வருடமாகியும் நேடரைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு எட்டு வருடத்துக்கு முன், 1992இல், ராஸ் பெரோ என்ற பணக்காரர் நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 19 விழுக்காடு ஓட்டு வாங்கினார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அதிபரைத் தீர்மானிக்கும் தேர்வாளர் ஓட்டில் கிடைத்தது? முட்டை.

என் மகன் இதையெல்லாம் யூடியூப்பில் பார்த்துவிட்டு வந்து கேட்ட கேள்வி: "அப்ப யாரத் திட்டணும்மா? நின்னவரையா, போட்டவங்களையா, எண்ணுனவங்களையா?"

எண்ணும் முறையை. இதை எனக்குப் புத்தகம் சொல்லித்தரவில்லை. எங்கள் ஃபிளாட்டின் கேரம் பலகை சொல்லித்தந்தது.

எங்கள் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் தேர்தல் கீழ்த்தள மண்டபத்தில் நடக்கும். மண்டபம் என்றால் நான்கு மின்விசிறி, இரண்டு சுற்றும். 2023இல் மூன்று பேர் நின்றார்கள். பழைய தலைவர், ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் அக்கா, லிஃப்ட் நின்றுபோன காலத்தில் நகராண்மைக்கும் ஒப்பந்தக்காரருக்குமாக நடையாய் நடந்த சீன அங்கிள் ஒருவர். பழைய தலைவரின் மேல் பலருக்கு வருத்தம். பராமரிப்புக் கணக்கைக் கேட்டால் "அடுத்த கூட்டத்தில்" என்பார். அடுத்த கூட்டம் என்று ஒன்று வராது. நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவள் என்பதால் எண்ணுகிற வேலை என் தலையில்.

கேரம் பலகையைக் குப்புறப் போட்டு அதன் மேல் சீட்டுகளைப் பிரித்து வைத்தேன். 61 சீட்டு. பழையவருக்கு 24, டீச்சர் அக்காவுக்கு 20, அங்கிளுக்கு 17. பழையவர் கைகூப்பினார். மண்டபத்தில் 37 பேர் அவர் வேண்டாம் என்று வந்திருக்கிறார்கள், அவர் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். யாரும் கள்ள ஓட்டுப் போடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. நான்தான் எண்ணினேன், கை சுத்தம். அப்படியும் முடிவு தப்பாக வந்தது. அங்கிளை ஆதரித்த ஒரு அக்கா வாசலில் என்னிடம், "அடுத்த வருஷம் ரெண்டு பேருல ஒருத்தர உக்காரச் சொல்லணும்" என்றார். பக்காத்தானும் டாக்டர் கட்சியும் பேசித் தோற்ற அதே பேச்சு.

மெல்பர்னில் என் சித்தி மகள் இருக்கிறாள். அவளிடம் புலம்பியபோது, "ஏன்டி, நம்பர் போடச் சொல்லேன்" என்றாள். ஆஸ்திரேலியாவில் 1918இலிருந்து அப்படித்தானாம். கீழவைக்கான ஓட்டுச்சீட்டில் நம்மைப் போலப் பங்கா (பெருக்கல் குறி) கிடையாது. பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அப்படியே கடைசிக் கட்டம்வரை எல்லாருக்கும் எண். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், ஆகக் குறைவாக வாங்கியவரை எடுத்துவிட்டு, அவருடைய சீட்டுகளில் அடுத்த எண் யாருக்கு இருக்கிறதோ அவரிடம் சேர்ப்பார்கள். இவள் பசுமைக் கட்சிக்கு 1, லேபருக்கு 2 போடுவாளாம். பசுமைக்காரர் தோற்றாலும் ஓட்டு லேபரிடம் போய்ச் சேரும், லிபரலுக்கு வழி விட்டோமே என்று தூக்கம் கெடாது. ஓட்டுச்சாவடி வாசலில் வாழைக்காய் பஜ்ஜி மாதிரி சாசேஜ் சுட்டு விற்பார்களாம், அது வேறு.

அடுத்த வருடம் கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஒரு மணி நேரச் சண்டை. "இது என்னா, நாலு நம்பரா?" என்றார் ஒருவர். லாட்டரிக் கடை ஞாபகம் அவருக்கு. கடைசியில், ஒரு முறை பார்க்கலாம் என்று விட்டார்கள். அதே மூவர். 59 சீட்டு. ஒரு தாத்தா மூவருக்கும் 1, 1, 1 என்று போட்டிருந்தார். எல்லாரும் நல்ல பிள்ளைகள்தானே என்றார் கேட்டதற்கு. அது செல்லாது. மீதி 58இல் முதல் எண்ணிக்கை: பழையவர் 22, டீச்சர் அக்கா 19, அங்கிள் 17. அங்கிளின் 17 சீட்டையும் கையில் எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அந்த நேரம் மண்டபத்தில் மின்விசிறி சத்தம் மட்டும். 12 சீட்டில் இரண்டாவது டீச்சர் அக்கா, 3இல் பழையவர், 2இல் இரண்டாவது எண்ணே இல்லை. மொத்தம் 31க்கு 25.

பழைய தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "மொதல்ல வந்தவன் நானு!" என்றார். அது நியாயமான ஆத்திரம்தான், அவரை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். ஓட்டப்பந்தயமாக இருந்தால் அவர்தான் முதல். ஆனால் நாங்கள் கேட்டது, இங்கே பாதிப் பேருக்கு மேல் யாரை ஏற்றுக்கொள்வார்கள் என்பதை. அந்தக் கேள்விக்குப் போன வருடம் சீட்டில் பதில் எழுத இடமே இல்லை. (டீச்சர் அக்கா வந்து கணக்கு ஒழுங்காகிவிட்டது. லிஃப்ட் மட்டும் இன்னும் மாதத்துக்கு இரண்டு தடவை நின்றுபோகிறது. அதை எந்தத் தேர்தல் முறையாலும் தீர்க்க முடியாது போல.)

நாட்டுக்கு வருவோம். 2008இலிருந்து பத்து வருடம் எங்கள் வட்டாரத்தில் எல்லார் வாயிலும் இருந்த சொல் "இரு கட்சி முறை". பாரிசான் ஒரு பக்கம், எதிரணி ஒரு பக்கம், மாறி மாறி ஆண்டால் இரண்டும் ஒழுங்காக இருக்கும் என்று. அதில் ஓர் உண்மை உண்டு. ஆனால் 2013இல் எதிரணி 50 விழுக்காட்டுக்கு மேல் ஓட்டு வாங்கி 89 இடம், பாரிசான் 47 விழுக்காடு வாங்கி 133 இடம். இரண்டே அணி நின்றும் கணக்கு இப்படி. 2022இல் அணி மூன்றானது. பக்காத்தான் தலைவர் அன்வார் தம்பூன் தொகுதியில் ஜெயித்தபோது அவருக்கு விழுந்தது ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது. ஐந்து நாள் இழுபறிக்குப் பிறகு அவரே பிரதமர். குறையாகச் சொல்லவில்லை, நான் அந்தப் பக்கம்தான். ஆனால் மீதி அறுபது பேரின் இரண்டாவது விருப்பம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தம்பூனில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கே கொஞ்சம் உதறுகிறது. எண் போடும் முறை என் கட்சிக்கு உதவும் என்பதற்காக இதை எழுதவில்லை. உதவாமலும் போகலாம்.

நியூசிலாந்துக்காரர்களும் நம்மைப் போல வெள்ளைக்காரன் முறையை வைத்திருந்தவர்கள்தான். அங்கே 1981இல் ஒரு மூன்றாவது கட்சி 20 விழுக்காட்டுக்கு மேல் ஓட்டு வாங்கி இரண்டே இரண்டு இடம் பிடித்தது. 1993இல் வாக்கெடுப்பு வைத்து முறையையே மாற்றிக்கொண்டார்கள். ஒரு ஓட்டு தொகுதிக்கு, ஒரு ஓட்டு கட்சிக்கு. 1996 தேர்தலிலிருந்து கட்சிக்கு விழும் பங்குக்கு ஏற்ப இடம். நம் நாட்டில் அப்படி மாற்ற வேண்டுமென்றால் அரசியல் சாசனத்தில் கைவைக்க வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். எண் போடும் முறையில் ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்பது அப்படியே இருக்கும். என் ஆசை சிறியது.

எண் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பியிருந்த நாளில்தான், 2024 செப்டம்பரில், இலங்கை அதிபர் தேர்தல் வந்தது. அங்கே பல வருடமாகவே சீட்டில் 1, 2, 3 போடலாம். யாருக்கும் பாதி வராமல் இரண்டாவது விருப்பத்தை எண்ணியது அதுதான் முதல் முறை. ராத்திரி முழுக்க யூடியூப்பில் உட்கார்ந்திருந்தேன். முதல் இரண்டு இடத்தில் இருந்த அனுர, சஜித் இருவரையும் வைத்துக்கொண்டு மற்றவர்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள். எடுக்கப்பட்டவர்களின் ஓட்டு 33 லட்சத்துக்கு மேல். அதில் அந்த இருவருக்கும் சேர்த்து இரண்டாவது விருப்பமாக வந்தது ஏறக்குறைய 2 லட்சத்து 73 ஆயிரம்தான். தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரனுக்கு 2 லட்சத்து 26 ஆயிரம் ஓட்டு விழுந்தது. அவருக்கு 1 போட்டுவிட்டு, 2 என்று தெற்கில் ஒருவருக்குப் போட்டிருக்கலாம். சொந்தக் குரலும் நிற்கும், முடிவிலும் ஒரு கை இருக்கும். நாடு முழுக்கப் பெரும்பாலோர் ஒரே ஓர் அடையாளத்தைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். சட்டம் கதவைத் திறந்து வைத்து நாற்பது வருடம் ஆகியும் பழக்கம் பழைய வாசல் வழியே போகிறது. எங்கள் ஃபிளாட்டில் 17க்கு 15 பேர் எண் போட்டார்கள் என்றால், நான் ஒலிவாங்கியில் ஐந்து தடவை கத்தியதுதான் காரணம்.

இன்னொன்று, கோலாலம்பூர்க்காரியாக என் சொந்தப் பொருமல். கெப்போங்கைத் தாண்டினால் சிலாங்கூர். அந்தப் பக்கத்து ஆளுக்கு நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று என இரண்டு ஓட்டு. இந்தப் பக்கம் நாங்கள் கூட்டரசுப் பிரதேசம், சட்டமன்றம் இல்லை. மேயர் நியமனம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஒரே ஒரு சீட்டு. அதில்தான் என் கொள்கை, என் கோபம், என் சாலைப் பள்ளம், பிரதமர் யார் என்பது எல்லாவற்றையும் ஒரே பங்காவில் திணிக்க வேண்டும். அப்புறம் மூன்றாவது ஆளுக்கு எங்கே இடம்?

ஒரு காலத்தில் இடம் இருந்தது. பினாங்கு ஜார்ஜ்டவுனுக்கு 1957இல் மாநகர அந்தஸ்து கிடைத்தபோது முதல் மேயராக உட்கார்ந்தவர் ஒரு தமிழர், டி.எஸ். ராமநாதன். அன்று நாட்டை ஆண்ட கூட்டணிக்காரர் அல்லர், தொழிற்கட்சிக்காரர். நாடாளுமன்றத்தில் பெரிய பலம் இல்லாத கட்சிகூட நகரசபையில் வேலை செய்து காட்டி ஓட்டு வாங்கலாம் என்ற ஏணி அன்று இருந்தது. 1965இல் இந்தோனேசியாவோடு மோதல் என்று சொல்லி ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். மோதல் மறு வருடமே முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை, 1976 சட்டத்தோடு ஒரேயடியாகப் போயிற்று. பினாங்கு மாநில அரசு திரும்பக் கொண்டுவரப் பார்த்து நீதிமன்றத்தில் தோற்றது. ஜார்ஜ்டவுனில் ஒரு சாலைக்கு இன்றும் அவர் பெயர் இருக்கிறது. ஒருமுறை அந்தச் சாலையில் கிராப் வாடகைக் கார் எடுத்தபோது ஓட்டுநரிடம், இவர் யார் தெரியுமா என்று கேட்டேன். "யாரோ பழைய டாக்டரா இருக்கும்" என்றார்.

தொகுதி அளவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடியும். 2022இல் பாங்கியில் மூன்று லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள், சரவாக்கின் இகானில் 28 ஆயிரம் சொச்சம். இரண்டுக்கும் ஆளுக்கு ஓர் எம்.பி. எண் போட்டாலும் சரி, பங்கா போட்டாலும் சரி, அது அப்படியேதான் கிடக்கும். நான் 2011இல் தேர்தல் சீர்திருத்தம் கேட்டு அம்பிகா தலைமையில் நடந்த பெர்சே பேரணிக்குப் போய்க் கண்ணீர்ப்புகை வாங்கியவள். அன்று கேட்டதில் பாதிகூட இன்னும் வந்து சேரவில்லை.

2022 நவம்பருக்குத் திரும்புகிறேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரம். மகனிடம் "வீணாப் போயிரும்" என்று சொன்ன மறுநாள், அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். ஓட்டுப் போடும் நாளான 19ஆம் தேதி சனிக்கிழமை சுங்கை சிப்புட்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம், முட்டி தாங்குமா, நடு வழியில் எங்கே நிறுத்தலாம் என்று பேச.

அம்மா வெற்றிலையில் காம்பு கிள்ளிக்கொண்டே கேட்டார்: "கைமுட்டி இருக்கா?"

"இல்லம்மா. டாக்டர் இந்தத் தடவ நிக்கல. அவங்க கட்சியும் அங்க நிக்கல."

அம்மா வெற்றிலையை மடித்து வாயில் வைத்தார். கொஞ்ச நேரம் மென்றார்.

"அப்ப எதுக்கு அம்புட்டுத் தூரம்? எண்ணெய வீணாக்காத."